முதலில் துடை, பிறகு பூசு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காத வடசென்னைக்காரர் இருக்க முடியாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே லாரி. உண்மையில் இரண்டு வண்டிகள். இன்ஜினும் கேபினும் உள்ள முன்வண்டி ஒன்று, தானாக நகரத் தெரியாத டிரெய்லர் இன்னொன்று. டிரெய்லரின் முன்பகுதியில் அடித்தகட்டிலிருந்து கீழ்நோக்கி ஓர் எஃகு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கிங் பின். நம் ஊர் டிரெய்லர்களில் அதன் கனம் 50.8 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். முன்வண்டியின் சேஸ் மேல் குதிரை லாட வடிவில் பிளந்த ஒரு கனத்த தட்டு படுத்திருக்கும். அதுதான் ஃபிப்த் வீல். முளையைத் தட்டின் தாடை கவ்விக்கொண்டால் இரண்டும் ஒரே வண்டி.

2018-ல் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியபோது, இந்த வகை வண்டிகள் சரக்கோடு சேர்த்து 55 டன் வரை போகலாம் என்றானது. டிரெய்லரின் முன்பக்கப் பாரம் தட்டின் மேல் இறங்குகிறது. இழுப்பதும், பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து வரும் தள்ளலும் அந்த இரண்டு அங்குல முளை வழியாகப் போய்வருகின்றன. தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே, முளைக்கும் தாடைக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் கிரீஸ் மட்டும்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பட்டறைகளில் என் கை பழகிய வேலை அந்தக் கொஞ்சம் கிரீஸைப் பற்றியது.

இந்த இணைப்பு நம் ஊருக்கு வந்த வழி சுவையானது. 1914-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு மர வியாபாரி தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், அவருடைய ஃபோர்டு காருக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு வண்டி செய்து கொடுத்தார். செமி டிரெய்லர் என்ற பெயர் நிலைத்தது அங்கிருந்துதான். 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சக்கரத்தை விட்டுப் பெட்டி மட்டும் கப்பலேறும் வழக்கம் அதிலிருந்து உலகெங்கும் பரவியது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் தனிக் கன்டெய்னர் முனையம் வந்தது. ஆறு சக்கர லாரிகளை மட்டுமே பார்த்துப் பழகியிருந்த எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு நீளமான இந்த வண்டிகள் வந்து சேர்ந்தன. பிறகு எண்ணூரில் 2001-ல் ஒரு துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று. மணலி, மாதவரம், பொன்னேரி சாலை என்று கன்டெய்னர் யார்டுகள் பெருகின. வண்டி பெருகிய வேகத்தில் தட்டைப் பற்றிய அறிவு பெருகவில்லை.

நான் தொழில் கற்ற மேஸ்திரி எனக்கு முதலில் கொடுத்த சாமான் கிரீஸ் கன் இல்லை. பட்டித் தகடும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டும்தான். தட்டில் பழைய கிரீஸ் ஒரு விரல் கனத்துக்குக் கறுத்து இறுகியிருக்கும். அதைச் சுரண்டிச் சுரண்டி எஃகின் நிறம் தெரியும்வரை எடுக்க வேண்டும். பக்கத்துப் பட்டறையில் பழசின் மேலேயே புதுசை அப்பி ஐந்து நிமிடத்தில் வண்டியை அனுப்பிவிடுவார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். மேஸ்திரி ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். இன்ஜின் வால்வைத் தேய்த்து உட்கார வைக்கப் பயன்படும் லேப்பிங் பேஸ்ட்.

"இதுல என்ன இருக்கு சொல்லு?"

"கிரீஸ் மாதிரி இருக்குது மேஸ்திரி. உள்ள மணல் மாதிரி நறநறன்னு இருக்குது."

"அவ்ளோதான். கிரீஸும் கருங்கல் பொடி மாதிரி ஒரு பொடியும். இரும்பைத் தேய்க்கணும்னே செஞ்சு விக்கிறான். நீ பழசு மேல புதுசு அப்புனா அதே பேஸ்ட்டைத்தான் தட்டு மேல பூசி அனுப்புற."

நான் இந்தத் தொழிலில் இன்றுவரை கைக்கொள்ளும் கோட்பாடு அதுதான். கிரீஸ் போடுவது பாதி வேலை. கிரீஸ் எடுப்பதுதான் முதல் பாதி. அந்த முதல் பாதியைச் செய்யாமல் இரண்டாம் பாதியை எத்தனை முறை செய்தாலும் தட்டு தேயும்.

எங்கள் ஊரில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர் பக்கம் போயின. அதற்கு முன்பெல்லாம் ராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்தால் கரித்தூள் படிந்திருக்கும். அதே தூள்தான் தட்டின் கிரீஸிலும் ஒட்டியது. இப்போது எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிகளில் ஒட்டுகிறது. அதோடு கடற்காற்றில் வரும் உப்பு ஈரம், சாலையோர மணல், யார்டுகளின் புழுதி. கிரீஸ் ஒட்டும் தன்மை உள்ளது. எதை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அது பார்ப்பதில்லை. வெள்ளம் வந்தால் வேறு விதமான கேடு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் யார்டுகளில் தண்ணீரில் நின்ற வண்டிகள் பல. அச்சு மூழ்கினால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே தட்டின் அடியில் உள்ள தாடை, ஸ்பிரிங், பூட்டுக் கம்பி எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துப் புதிதாகப் பூச வேண்டும் என்பது பலருக்கு நினைவுக்கு வராது. உப்புத் தண்ணீர் கிரீஸுக்குக் கீழே புகுந்து உட்கார்ந்தால் துரு வெளியே தெரியாமல் வேலை செய்யும்.

ஓட்டுநர்கள் தட்டைப் பற்றிப் புகார் சொல்லி வருவது அரிது. அவர்கள் சொல்வது வேறு. "அண்ணே, வண்டி ஒடிக்க மாட்டேங்குது. ஒடிச்சா நிமிர மாட்டேங்குது." அப்படி வந்த ஒரு வண்டி நன்றாக நினைவிருக்கிறது. முதலாளி ஏற்கெனவே ஸ்டீயரிங் பாக்ஸ் பார்த்திருந்தார். வீல் அலைன்மென்ட் இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. முன்சக்கர டயர்கள் ஓரம் மட்டும் தேய்ந்து போனதால் புது டயரும் போட்டிருந்தார். அதுவும் அதேபோல் தேயத் தொடங்கியிருந்தது. நான் முன்வண்டியைக் கழற்றி வெளியே எடுக்கச் சொன்னேன். தட்டின் நடுவில் எஃகு கண்ணாடிபோல் மினுங்கியது. கிரீஸ் எல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் காய்ந்து கிடந்தது.

திரும்பும்போது நடப்பது இதுதான். முன்வண்டி ஒரு பக்கம் திரும்ப, அதன் தட்டு டிரெய்லரின் அடித்தகட்டுக்குக் கீழே சுழல வேண்டும். மேலே பல டன் பாரம். நடுவில் கிரீஸ் இல்லையென்றால் எஃகு எஃகைப் பிடித்துக்கொள்ளும். டிரெய்லர் முன்வண்டியை நேராகவே வைத்திருக்கப் பார்க்கும், முன்சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். வளைவு முடிந்த பிறகு வண்டி நேராக வராமல், ஓட்டுநர் எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடிக்க வேண்டியிருக்கும். வெயிலில் இது டயர்ச் செலவு. மழையில் உயிர்ச் செலவு. ஈரத் தாரில் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்திருக்கும்போது, ஸ்டீயரிங்கை ஒடித்தும் வண்டி நேரே போய்விடலாம். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் வரும் சாலை அது. அந்த வண்டிக்கு நான் செய்தது துடைத்துப் பூசியது மட்டும். மறுவாரம் ஓட்டுநர் வந்து, "கை வலி போயிடுச்சுண்ணே" என்றார்.

இன்னொரு புகார் ஓசை. "பிரேக் புடிச்சா பின்னாடி டொக்குனு அடிக்குது. திரும்ப எடுக்கும்போது இன்னொரு டொக்கு." பலர் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் சென்டர் ஜாயின்ட்டையும் பிரிப்பார்கள். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்து முன்வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தாலே சந்தேகம் தீரும். முளைக்கும் தாடைக்கும் இடைவெளி விழுந்திருந்தால் இணைப்பில்தான் அடி கேட்கும். அப்போது வெர்னியரை எடுத்து முளையை அளக்க வேண்டும். 50.8 மில்லிமீட்டராக வந்த கழுத்து 49-க்கு இறங்கினால் அந்த முளையின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேலே உள்ள 73 மில்லிமீட்டர்ப் பகுதி 71-க்கு இறங்கினாலும் அதே தீர்ப்புதான். முளை வட்டமாகத் தேயாது. இழுக்கும் பக்கமும் தள்ளும் பக்கமும் அதிகம் தேயும். ஆகவே ஓர் இடத்தில் அளந்து திருப்திப்படக் கூடாது, சுற்றிலும் அளக்க வேண்டும். முளை நன்றாக இருந்து தாடையில் மட்டும் தளர்வு என்றால் சரிசெய்யும் திருகு இருக்கிறது, தேய்மான வளையம் கடையில் கிடைக்கிறது. திருகை முடுக்கித் தேய்ந்த முளையின் சத்தத்தை மட்டும் அடக்கி அனுப்புவது என் பட்டறையில் கிடையாது.

இனி வேலையைச் சொல்கிறேன். சமதளமான கெட்டித் தரை வேண்டும். டிரெய்லர் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போட வேண்டும். சிவப்பு ஏர் ஹோஸைக் கழற்றினால் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய வண்டியில் காற்று கசிந்தால் பிடி தளரலாம் என்பதால் கட்டையைத்தான் நம்ப வேண்டும். கழற்றிய டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் காலான லெக்கைச் சுற்றி இறக்கும்போது அதன் பாதத்துக்குக் கீழே பலகையோ இரும்புத் தகடோ வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் இளகிய தாரில் லெக் புதைந்து டிரெய்லர் தலை குப்புறச் சாய்ந்ததை நான் கண்டிருக்கிறேன். சிவப்பு, மஞ்சள் ஹோஸ்களையும் மின் ஒயரையும் கழற்றி மாட்டிவிட்டு, கைப்பிடியை இழுத்துத் தாடையைத் திறந்து, முன்வண்டியை முதலில் ஒரு முழம் மட்டும் நகர்த்தி நிறுத்த வேண்டும். லெக் பாரத்தைத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் முழுக்க வெளியே எடுப்பது. தொங்கும் டிரெய்லருக்குக் கீழே ஆள் போகவே கூடாது. அடித்தகட்டைத் துடைக்க நீளக் கைப்பிடி வைத்த சுரண்டியைப் பக்கவாட்டிலிருந்து நீட்டினால் போதும். முளையைக் கிட்டத்தில் அளக்க வேண்டுமென்றால் சேஸுக்குக் கீழே கெட்டியான ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான்.

துடைக்க மண்ணெண்ணெயோ டீசலோ போதும். பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. தட்டின் மேல் உள்ள கிரீஸ் வரிகளைக் கம்பியால் கிளறி எடுக்க வேண்டும். அந்த வரிகளே தட்டின் தேய்மானத்தைச் சொல்லும். வரி மறையும் அளவுக்கு மேற்பரப்பு இறங்கிவிட்டால் தட்டை மாற்றியாக வேண்டும். பிறகு டார்ச் அடித்து விரிசல் தேட வேண்டும். தாடையின் ஓரம், தட்டைத் தாங்கும் இரண்டு பக்க முளைகள், சேஸோடு பிணைக்கும் போல்ட்டுகள். விரிசல் இருந்தால் அதில் துருக்கோடு வடிந்திருக்கும். வார்ப்புத் தட்டில் விரிசலைக் கண்டு, "ஒரு வெல்டிங் வெச்சு ஓட்டிக்கலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் கை வைத்ததில்லை.

பிறகுதான் கிரீஸ். கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு பிடித்து வைத்திருப்பதுதான். லித்தியம் சோப்பு தண்ணீரையும் சூட்டையும் ஓரளவு தாங்கும். அடிப்படை எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. எங்கள் மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலையிலும் அதற்கான எண்ணெய் எடுக்கிறார்கள். தட்டுக்கு வெறும் கிரீஸ் போதாது. அதிக அழுத்தம் தாங்கும் ஈ.பி. வகை வேண்டும், அதில் மாலிப்டினம் டைசல்ஃபைடோ கிராஃபைட்டோ கலந்திருக்க வேண்டும். இவை அடுக்கடுக்கான தாதுக்கள். பாரம் அமுக்கி எண்ணெயைப் பிதுக்கித் தள்ளினாலும் இந்த அடுக்குகள் எஃகில் ஒட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கெட்டித்தன்மைக்கு 000 முதல் 6 வரை எண் உண்டு. தட்டுக்கு 2 சரியாக இருக்கும். வீல் பேரிங்குக்கு வாங்கிய ஏ.பி.3 டின் கையில் இருக்கிறதே என்று அதையே தட்டிலும் அப்புவது வழக்கமாகிவிட்டது. எதுவும் இல்லாததற்கு அது மேல். ஆனால் தட்டுக்கு ஏற்ற கிரீஸின் விலை, ஒரு முன்சக்கர டயரின் விலையோடு வைத்துப் பார்த்தால் பேசக்கூடிய தொகையே இல்லை.

மேற்பரப்பு முழுக்கச் சீரான படலமாகப் பூச வேண்டும், வரிகளை நிரப்ப வேண்டும். தாடையின் உட்புறத்திலும் முளையின் கழுத்திலும் கையாலேயே தடவ வேண்டும். நிப்பிள் உள்ள இடத்தில் கன்னை வைத்து, பழசு பிதுங்கிப் புதுசின் நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். பூட்டுக் கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும் கெட்டிக் கிரீஸ் கூடாது, எண்ணெய் போதும். அங்கே கிரீஸ் அடைத்தால் தூசியோடு இறுகி, பூட்டு முழுதாகப் போய் உட்காராமல் பாதியில் நிற்கும். கைப்பிடி உள்ளே போனது போலவே தெரியும். இந்த இணைப்பில் கிரீஸ் இல்லாதது எவ்வளவு கெடுதலோ, தவறான இடத்தில் இருப்பதும் அவ்வளவு கெடுதல்.

திரும்ப மாட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. டிரெய்லரின் அடித்தகடு ஃபிப்த் வீல் தட்டைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும், முன்வண்டி பின்னால் வரும்போது தட்டின் சரிவில் ஏறி உட்கார வேண்டும். லெக்கை உயரமாக விட்டிருந்தால் முளை தாடைக்குள் போகாமல் அதன் மேல் ஏறி நிற்கும். பார்ப்பதற்கு மாட்டியது போலவே இருக்கும். ஒரு யார்டில் இரவில் அப்படி மாட்டி எடுத்த வண்டி வாசலைத் தாண்டும் முன்பே கழன்று, டிரெய்லர் முன்வண்டியின் சேஸ் மேல் விழுந்தது. பெட்டி காலியாக இருந்ததும், உதவியாளர் பின்பக்கம் நில்லாமல் இருந்ததும் மட்டுமே ஆறுதல். அங்கே விளக்கு இல்லை, ஓட்டுநரிடம் டார்ச்சும் இல்லை. அதற்குப் பிறகு என்னிடம் வரும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இதைச் சொல்லித் தருகிறேன். மாட்டியதும் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார். இழுத்தது போதாது, இறங்கு. தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா பார். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, தாடை முளையைச் சுற்றி மூடியிருக்கிறதா பார். கைப்பிடியின் கொக்கி விழுந்ததா பார். பிறகுதான் லெக்கைத் தூக்கு.

இதையெல்லாம் எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது என்று கேட்பார்கள். கையேடுகள் கிலோமீட்டர் கணக்கில் சொல்லும். நெடுஞ்சாலையில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். துறைமுக வண்டிக்குப் பொருந்தாது. மணலி யார்டுக்கும் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் நடுவே ஓடும் வண்டி மாதம் முழுக்க ஓடினாலும் மீட்டரில் பெரிய எண் ஏறாது. ஆனால் நாள் முழுக்க யார்டுக்குள் ஒடித்து, ரிவர்ஸ் எடுத்து, கிட்டத்தட்ட செங்குத்தாக மடிந்து பெட்டியை இறக்கும். தட்டு தேய்வது அந்தத் திருப்பங்களில்தான். வரிசையில் நின்று நின்று நகரும்போது முளையில் விழும் இழுப்பும் தள்ளும் மீட்டரில் பதிவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. இங்கே பல வண்டிகளை வாங்கிய நாளில் மாட்டியவர்கள் கழற்றுவதே இல்லை. முன்வண்டியும் டிரெய்லரும் ஜோடியாகவே கிடக்கும். கழற்றாத தட்டை யாரும் பார்ப்பதில்லை, பார்க்காத தட்டைத் துடைப்பதும் இல்லை. பக்கத்திலிருந்து கன்னை நீட்டி ஓரத்தில் அடித்த கிரீஸ் நடுவுக்குப் போய்ச் சேராது. ஆகவே துறைமுக வண்டிக்கு மீட்டரை விட்டுவிட்டு நாள்காட்டியைப் பார்க்கச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை கழற்று, துடை, பார், பூசு. பெரிய மழைக்குப் பிறகு, மாதம் முடியாவிட்டாலும் செய்.

இப்போது நைலான் போன்ற பொருளில் செய்த உராய்வுப் பட்டைகள் பதித்த தட்டுகளும், தானாகக் கிரீஸ் தள்ளும் பம்புகளும் வருகின்றன. நல்லவைதான். மேல்தட்டின் கிரீஸ் செலவு குறையும், சாலையில் சிந்துவதும் குறையும். ஆனால் பட்டை பதித்த தட்டிலும் முளைக்கும் தாடைக்கும் கிரீஸ் வேண்டும், விரிசலை எந்தப் பம்பும் பார்த்துச் சொல்லாது.

சுரண்டி எடுத்த கறுப்புக் கிரீஸை என்ன செய்வது என்பதும் இந்தத் தொழிலின் பகுதிதான். பல பட்டறைகளில் அதை வாசல் கால்வாயில் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கால்வாய் தண்ணீர் மழையோடு போய்ச் சேரும் இடம் கடலும் எண்ணூர்க் கழிமுகமும். இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. மூடி போட்ட ஒரு டிரம்மில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்ற கழிவு எண்ணெய்க்காரரிடம் கொடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

வண்டி முதலாளிகளிடம் நான் கேட்பது மாதத்தில் அரை நாள். அந்த அரை நாளுக்கு ஓட்டுநரின் பேட்டாவைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அவர் கழற்றாமலே, "பார்த்துட்டேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். யார்டு நடத்துபவர்களிடம் கேட்பது, கழற்றி மாட்ட ஒரு சமதளக் கான்கிரீட் தரை, அதற்கு மேல் ஒரு நல்ல விளக்கு. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு என் மேஸ்திரி செய்ததையே செய்கிறேன். கிரீஸ் கன்னைக் கையில் கொடுப்பதற்கு முன் பட்டித் தகட்டைக் கொடுக்கிறேன். தட்டின் வரிகளில் எஃகின் நிறம் தெரியும்வரை சுரண்டப் பொறுமை உள்ளவன், விரிசலையும் தேய்மானத்தையும் தானே கண்டுபிடித்துவிடுவான்.